மரபணுப் பரிசோதனை: கணினிக்குச் சில மணி நேரம், அறிக்கைக்கு ஏன் ஆறு வாரம்?

மரபணுப் பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்துச் சென்ற குடும்பத்தினர் மூன்றாவது வாரத்தில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்குத் திரும்பி வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "சர்க்கரை அளவு அன்று மாலையே தெரிந்துவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் ஐந்தாறு வாரம்?" என்பர். சிலர், "எல்லாவற்றையும் கணினிதானே செய்கிறது?" என்றும் கேட்பர். நியாயமான கேள்விதான். கணினி செய்யும் பகுதி உண்மையில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது அவ்வளவு விரைவாக எப்படி முடிகிறது, முடிந்த பின்னரும் ஏன் காத்திருக்க வேண்டியுள்ளது, அந்தக் காத்திருப்பில் வாசகர்களாகிய தங்களுக்கும் என்ன பங்கு உண்டு என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

காரணம் புலப்படாத வலிப்பு, தசை நலிவு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, இள வயதிலேயே தோன்றும் இதயத் தசை நோய் முதலியவற்றில்தான் இப்பரிசோதனையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறோம். பல ஆண்டுகள் பல மருத்துவமனைகளுக்கு அலைந்து களைத்த பிறகே பலரும் இந்த நிலைக்கு வந்து சேர்கின்றனர். எனவே ஆறு வாரம் என்பது அவர்களுக்குச் சிறிய காலம் அன்று என்பதை நாங்கள் அறிவோம்.

அறுபது கோடித் துணுக்குகள்

நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட வாசகம் அது. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் நமக்கு வருகின்றன. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இந்த வாசகத்தை முதன்முதலில் படித்தறிய, உலக நாடுகள் பல சேர்ந்து 1990 முதல் 2003 வரை உழைத்தன.

இன்று ஆய்வகங்களில் பரவலாக உள்ள பொறிகள் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. இழையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ 150 எழுத்துகளை மட்டும் படிக்கின்றன. ஒரு முறை படித்தால் பிழை நேரக்கூடும் என்பதால், ஒவ்வோர் இடமும் சராசரியாக 30 முறை படிக்கப்படுமாறு பார்த்துக்கொள்கின்றனர். 300 கோடியை 30-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 60 கோடி. ஒரே மனிதரின் இரத்தத்திலிருந்து 60 கோடித் துணுக்குகள்! ஒரு பெருநூலின் முப்பது பிரதிகளைக் கிழித்துக் காற்றில் வீசியெறிந்தாற்போன்ற நிலை இது. எந்தத் துணுக்கு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று அதன் மேல் எழுதியிருப்பதில்லை.

(நாங்கள் அனுப்பும் மாதிரிகள் பலவற்றில் முழுத் தொகுதியும் படிக்கப்படுவதில்லை. புரதங்களை உருவாக்கும் பகுதிகள் மட்டும் படிக்கப்படுகின்றன. அவை மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. செலவும் அதற்கேற்பக் குறையும். கணக்கு தெளிவாக விளங்கவேண்டி இங்கே முழுத் தொகுதியையே எடுத்துக்கொண்டோம்.)

கணினியின் முதல் வேலை, ஒவ்வொரு துணுக்கையும் எடுத்து, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு மாதிரி வாசகத்தில் அது எங்கே பொருந்துகிறது என்று தேடிப் பார்ப்பது. ஒரு துணுக்குக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 60 கோடிக்கு 6 இலட்சம் நொடிகள், அதாவது ஏழு நாள் ஆகும். ஒரு நோயாளிக்கு ஏழு நாள் என்றால், நூறு நோயாளிகளின் மாதிரிகள் வரிசையில் இருக்கும் ஆய்வகத்தின் கதி என்னவாகும்?

இங்கேதான் இணைக் கணிப்பு உதவுகிறது. ஒரு துணுக்கின் இடத்தைத் தேடுவதற்கு மற்றொரு துணுக்கின் இடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே 60 கோடித் துணுக்குகளையும் பங்கு பிரித்து, ஒரே நேரத்தில் பல கணிப்பகங்களிடம் ஒப்படைத்துவிடலாம். மேற்கண்ட ஏழு நாள் வேலையை 64 கணிப்பகங்கள் பகிர்ந்துகொண்டால், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். கணினி விளையாட்டுகளின் படங்களைத் திரையில் வரைவதற்கென்று உருவான வரைகலைச் சில்லுகளில் இத்தகைய சிறு கணிப்பகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சாதாரண வழங்கிக் கணினியில் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொண்ட முழுத்தொகுதிப் பகுப்பாய்வு, அச்சில்லுகளின் துணையால் இன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது.

நூறு தறியும் ஒரு தறியும்

அப்படியானால் இன்னும் ஆயிரம் கணினிகளைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நொடியில் முடித்துவிடலாமே என்று தோன்றும். இந்த ஊரில் இதற்கு விடை கூறுவது எளிது.

பிள்ளையார்பாளையத்தில் நூறு வீட்டுத் தறிகளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் பட்டும் சரிகையும் கொடுத்து, நூறு சேலைகள் நெய்யச் சொல்கிறது எனக் கொள்வோம். ஒரு வீட்டுத் தறி அடுத்த வீட்டுத் தறிக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு சேலைக்கு இரண்டு வாரம் ஆகுமென்றால், நூறு சேலைகளும் அதே இரண்டு வாரத்தில் தயாராகிவிடும். துணுக்குகளின் இடம் தேடும் வேலை இத்தகையது.

ஆனால் அவசரமான ஒரு திருமணத்துக்கு ஒரே ஒரு சேலை வேண்டும். நூறு நெசவாளரையும் அந்த ஒரு தறியில் அமர்த்தி ஒரே பொழுதில் முடித்துவிடலாம் என்றால் நடவாது. முந்தைய ஊடை விழுந்த பின்னரே அடுத்த ஊடை விழ முடியும். கோர்வைச் சேலையில் இது மேலும் தெளிவாகத் தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரும், கரை நாடாவை வீசித்தரத் துணையாள் ஒருவரும் ஒரே தறியில் அமர்கின்றனர். இருவர் வேலை செய்கின்றனர் என்பது உண்மை. ஆயினும் ஒவ்வோர் ஊடைக்கும் இருவர் கைகளும் ஒத்துப்போக வேண்டும். துணையாள் தண்ணீர் குடிக்க எழுந்தால் நெசவாளரும் கையை நிறுத்த வேண்டியதுதான்.

கணினிப் பணிகளிலும் இந்த இரு வகைகளும் உண்டு. ஒரு மருந்து மூலக்கூறு நம் உடலின் புரதத்தோடு எவ்வாறு சேர்கிறது என்று கணித்துப் பார்ப்பது கோர்வை வகை. அங்கே ஒவ்வோர் அணுவும் அருகிலுள்ள அணுக்களை ஈர்க்கவோ தள்ளவோ செய்கிறது. ஒரு கணிப்பகம் தன் பங்கை முடித்தாலும், பக்கத்துக் கணிப்பகத்தின் விடை கைக்கு வரும்வரை அடுத்த அடி எடுத்துவைக்க இயலாது. 1967-இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் இதனை ஒரு கணக்காகவே வகுத்துக் கூறினார். ஒரு பணியில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க இயலாதது எனில், எத்தனை ஆயிரம் கணினிகளைக் கூட்டினாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

தறியைக் கொண்டு கணினியை விளக்குவது வலிந்து செய்யும் ஒப்புமை என்று எவரேனும் கருதலாம். 1804-ஐ ஒட்டிப் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு உருவாக்கிய தறியின் துளையட்டைகளே, பிற்காலத்தில் கணினிக்குக் கட்டளையிட்ட அட்டைகளுக்கு முன்னோடி. நம் ஊர்த் தறிகளின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மரபணுப் பகுப்பாய்விலும் இரு வகைகளும் கலந்தே வருகின்றன. இடம் கண்டறியப்பட்ட துணுக்குகளை வரிசைப்படுத்திய பிறகு, நோயாளியின் வாசகம் மாதிரி வாசகத்திலிருந்து எங்கெங்கே மாறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குரோமோசோமுக்கு ஒரு கணினி என்று பிரித்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதலாம் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்துகள். இருபத்தொன்றாம் குரோமோசோமில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வாறு பிரித்தால் சிறு பங்கு பெற்ற கணினிகள் தம் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். முதலாம் குரோமோசோமைப் பெற்ற கணினிக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஆகவே குரோமோசோம் எல்லையைப் பொருட்படுத்தாமல், ஏறத்தாழச் சமமான பகுதிகளாக வெட்டிப் பங்கிடுகின்றனர். வேலையைச் சரியாகப் பங்கிடுவதே இத்துறையில் பாதி அறிவு என்று சொன்னால் மிகையாகாது.

பிரிக்க இயலாத பங்கு

இனி ஆறு வாரக் கணக்குக்கு வருவோம். மாதிரி வெளியூர் ஆய்வகத்தைச் சென்று சேர ஓரிரு நாள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து ஆயத்தம் செய்யச் சில நாள். பொறி ஒரு முறை ஓட ஏறத்தாழ இரண்டு நாள். பலரது மாதிரிகளை ஒன்றுசேர்த்து ஓட்டினால்தான் செலவு கட்டுப்படியாகும் என்பதால், வரிசையில் நிற்கும் நாள்கள் தனி. கணினி வேலை இந்தக் கணக்கில் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது.

அதன் பிறகே கடினமான பகுதி தொடங்குகிறது. எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும், மாதிரி வாசகத்திலிருந்து 40 முதல் 50 இலட்சம் இடங்களில் அவர் மாறுபடுகிறார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை; நம்மை ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டுபவை, அவ்வளவே. பலரிடமும் காணப்படுபவற்றைக் கணினி கழித்துவிடும். எஞ்சும் சிலவற்றை வல்லுநர் ஒருவர் அமர்ந்து, குழந்தையின் நோய்க்குறிகளோடும் பெற்றோரின் மரபணுக்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். தேவைப்பட்டால் வேறொரு முறையில் மீண்டும் சோதித்து உறுதி செய்கின்றனர். ஆம்டால் சொன்ன பிரிக்க இயலாத பங்கு, மருத்துவத்தில் இந்த ஆராய்ந்து முடிவுசெய்யும் வேலைதான்.

எல்லாவற்றையும் ஒருங்கே விரைவுபடுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு குழுவினர் செய்து பார்த்தனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே நோயாளியின் டி.என்.ஏ.வை 48 படிப்புக் கலங்களில் ஒரே நேரத்தில் படித்தனர். தரவு வரவர அதைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு அனுப்பினர். ஒருவரின் மரபணுத் தொகுதியை 5 மணி 2 நிமிடத்தில் படித்து முடித்தனர். ஒரு நோயாளிக்கு 7 மணி 18 நிமிடத்தில் நோயின் காரணமே தெரிந்துவிட்டது. தீவிர சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு இவ்வேகம் உயிர்காக்கும் வேகம். எனினும் அந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட 12 பேரில் காரணம் கண்டறியப்பட்டது 5 பேருக்கே. மீதி 7 பேருக்கும் படிப்பு விரைவாகத்தான் நடந்தது. ஆனால் படித்ததற்குப் பொருள் கிடைக்கவில்லை. இந்த எண்ணிக்கையை நாங்கள் குறையாகக் கருதவில்லை. பரிசோதனைக்கு முன்பே குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று கருதுகிறோம்.

யாருடைய வாசகத்தோடு ஒப்பிடுவது?

பொருள் கிடைக்காமைக்கு ஒரு முக்கியக் காரணம், ஒப்பிடுவதற்கு உரிய தரவு இல்லாமை. உலகில் இதுவரை படிக்கப்பட்ட மரபணுத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினருடையவை. ஒரு மாறுபாடு அங்கே எவரிடமும் காணப்படவில்லை என்றால் அது அரியது, எனவே ஐயத்துக்குரியது என்று கணினி குறித்துக்கொள்கிறது. அதே மாறுபாடு இங்கே ஊர் முழுவதும் இருக்கக்கூடும்; அது கணினிக்கு எப்படித் தெரியும்?

இதயத் தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாறுபாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் இதனைப் பற்றி 2009-இல் விரிவாக எழுதினர். தென்னாசிய மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இது இருப்பதாகவும், இதயத் தசை நோயோடு தொடர்புடையது எனவும் அவர்கள் கண்டறிந்தனர். உலகின் பிற பகுதிகளில் இது மிக அரிது. இதைச் சுமப்பவர்களில் பலர் நோயின்றியே வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிக்கையில் இப்படி ஒரு வரியைக் காணும் மருத்துவர், நம் மக்களிடம் அது எவ்வளவு பரவலானது என்று அறியாவிட்டால் ஒன்று வீணாக அச்சுறுத்துவார், அல்லது வேறு காரணத்தைத் தேடாமல் நின்றுவிடுவார்.

நம் பகுதியின் திருமண வழக்கமும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் செய்வது இன்றும் உள்ளது. உறவில் மணக்காவிட்டாலும், தலைமுறை தலைமுறையாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் அதைவிடப் பரவலானது. இத்தகைய சமூகங்களில், முன்னோர் ஒருவரிடமிருந்து வந்த அதே மாறுபாடு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல். தாய் தந்தை இருவரும் ஒரே ஒடுங்கிய குறைபாட்டைச் சுமப்போராயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தென்னாசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து, அவற்றுள் 81-இல் இத்தகைய நெருங்கிய மரபுத்தன்மை மிகுதியாக இருப்பதைக் காட்டியது. இதில் பழி கூறுவதற்கு எதுவுமில்லை. எந்தச் சமூகத்தில் எந்த மாறுபாடு உள்ளது என்று அறிந்தால், திருமணத்துக்கு முன்போ கருத்தரிப்புக்கு முன்போ எளிய பரிசோதனையால் வழிகாட்ட முடியும். அறியாவிட்டால் முடியாது.

இக்குறையை நீக்கவே இந்திய மரபணுத் தொகுதித் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைக்க, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட 20 நிறுவனங்கள் இதில் ஈடுபட்டன. 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படிப்பது இலக்கு. 83 இனக்குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் தரவுகளில் 18 கோடி மாறுபாடுகள் கண்டறியப்பட்டன. 2025 ஜனவரியில் இத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் அது பாதுகாக்கப்படுகிறது.

இத்தனை பேரின் தரவை எவ்வாறு கணிப்பது? முதற்கட்டத்தில் ஆளுக்கொரு பங்கு. ஒருவருடைய துணுக்குகளுக்கும் இன்னொருவருடைய துணுக்குகளுக்கும் தொடர்பில்லை. நூறு வீட்டுத் தறிகள்போல எல்லாம் ஒரே நேரத்தில் ஓடலாம். அடுத்த கட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. மரபணுத் தொகுதியின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் அந்த மாறுபாடு எத்தனை பேரிடம் உள்ளது என்று தெரியும். எனவே ஆள்வாரியாக இருந்த பங்கீட்டைக் கலைத்து, இடவாரியாக மீண்டும் பங்கிட வேண்டும். ஒருவரின் முழுத்தொகுதித் தரவே ஏறத்தாழ நூறு ஜிகாபைட் இருக்கும் நிலையில், பத்தாயிரம் பேரின் தரவை இப்படி மாற்றியடுக்குவது எளிய வேலை அன்று.

இத்தகைய கணினிகளை உருவாக்கும் திறனை இந்தியா தானே வளர்த்துக்கொண்ட வரலாறும் உண்டு. உயர்திறன் கணினிகளை விற்க மேலைநாடுகள் தயங்கிய காலத்தில், 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 1991-இல் உருவாக்கிய பரம் 8000, பல சிறு செயலிகளை இணைத்து ஒன்றாக இயக்கிய இணைக் கணினியே. அதே பெயர் வரிசையில் வந்த பரம் பிரவேகா 2022-இல் இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவப்பட்டது. அதன் திறன் நொடிக்கு 3,300 இலட்சம் கோடிக் கணக்குகள்.

அறிக்கை கைக்கு வந்த பிறகு

குடும்பத்தினர் மிகவும் கலங்குவது, "பொருள் உறுதியாகாத மாறுபாடு" என்ற சொற்றொடரை அறிக்கையில் காணும்போது. மாறுபாடு ஒன்று காணப்படுகிறது, ஆனால் அது நோய்க்குக் காரணமா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல இயலவில்லை என்பதே அதன் பொருள். நோய் உறுதி என்று பொருள் அன்று. இந்த ஒரு வரியை மட்டும் நம்பித் திருமணப் பேச்சை நிறுத்துவதோ, கருவைக் கலைக்க முடிவெடுப்பதோ, நலமாக உள்ள உடன்பிறந்தவருக்கு மருந்து தொடங்குவதோ கூடாது.

இத்தகைய முடிவுகள் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. இந்தியத் தரவு பெருகப் பெருக, ஐயத்துக்குரியதாக இருந்தவை பல தீங்கற்றவை என்று வகை மாற்றப்படும். சில நோய்க்காரணம் என்றே உறுதியாகும். ஆகவே பழைய அறிக்கையைத் தூக்கியெறிய வேண்டாம். ஆய்வகத்திடம் மூலத்தரவின் நகலையும் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு, மீண்டும் இரத்தம் கொடுக்காமலேயே அதே தரவை மறுபடியும் பகுப்பாய்வு செய்யக் கேட்கலாம். கணினிப் பகுதிக்கு ஆகும் நேரம் மேலே சொன்னதுபோலச் சில மணிகளே.

ஆய்வுக்கென்று தங்கள் தரவை வழங்க ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும் படிவம் தனியானது. சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆய்வில் பங்கேற்பது முழுமையாகத் தங்கள் விருப்பம். மறுத்தாலோ பின்னர் விலகினாலோ சிகிச்சையில் எக்குறையும் வைக்கக் கூடாது. பெயரையும் முகவரியையும் நீக்கிய பிறகே தரவு பகிரப்படுகிறது. எனினும் பெயரை நீக்கினால் மட்டும் போதும் என்று எங்களால் சொல்ல இயலாது. மரபணு தானே ஓர் அடையாளம். எனவே தரவு எங்கே வைக்கப்படும், யார் பார்க்க முடியும், எதற்குப் பயன்படும் என்ற மூன்றையும் கேட்டறிந்த பின் கையொப்பம் இடுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களை நாங்கள் தொல்லையாகக் கருதுவதில்லை.

குழந்தைக்கு இப்பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டால், இயன்றவரை தாய் தந்தை இருவரும் உடன் வாருங்கள். மூவரின் மாதிரியும் ஒன்றாகச் சென்றால், குழந்தையிடம் உள்ள மாறுபாடு பெற்றோரிடமிருந்து வந்ததா, புதிதாகத் தோன்றியதா என்று உடனே தெரியும். ஐயத்துக்குரியவற்றில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். இரு வழியிலும் மூன்று தலைமுறை உறவினரில் யாருக்கேனும் இதேபோன்ற நோய், இள வயது மரணம், தொடர் கருச்சிதைவு இருந்ததா, உறவுமுறைத் திருமணம் நடந்துள்ளதா என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மாதிரியோடு அந்தத் தாளின் நகலையும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.